நோர்வே தந்த பதினேழு மெட்டுக்கள்

ஏட்டில் எழுதப்பெறாத கலை, அதனைக் கற்றோனுடைய நினைவினையே உறைவிடமாகக் கொண்டது. அவன் மறையும் அன்றே அதுவும் மறைதல் ஒருதலை. அங்ஙனம் மறைய இருந்த பதினேழு மெட்டுக்கள் பிழைத்த வரலாறொன்று நோர்வே நாட்டிலே உண்டு. கலையன்பர் யாவரும் அறியத்தக்கது அது.

நோர்வே நானூறு ஆண்டுகளுக்கு மேலாக டென்மார்க் அரசுடன் பிணிக்கப்பட்டிருந்தது; 1814இல் சுவீடன் மன்னரின் முடிக்கீழ் வந்தது; 1905இலேதான் தனியரசாயிற்று. பிறர் மொழியே எழுத்து மொழியாகவும், யேர்மனிய இசையே கற்றோர் இசையாகவும் விளங்கிய காலத்தில், நாட்டின் சொந்த இசை மலைப் பள்ளத்தாக்குகளிலே குடியானவர் கைகளில் ஒதுங்கி வாழ்ந்தது.

அவ்விசைக்குரிய கருவி ஹார்டங்கர் பிடில் என்பது. அதிலே வில் தொட்டு இசைக்குந் தந்திகள் நான்கு. அவற்றின் கீழே வேறு நான்கைந்து தந்திகள் உள. வில் இவற்றைத் தீண்டுவதில்லை. மேலுள்ளவை அதிருந்தோறும் இவையும் உடனதிர்ந்து ரீங்காரஞ் செய்யும். மணவீட்டிலும் ஆடுகளத்திலும் ஒலித்த இக்கருவியைச் சமயப்பற்று மிக்க சிலர் பேயின் கருவி என இகழ்ந்தனர். தீயிலிடப்பட்ட பிடில்களும் உண்டு.

இவ்விசையின் அருமையை நகரத்தார்க்கு உணர்த்தியவருள் ஓலே புல் என்னும் பிடில் மேதை முதன்மையானவர். தெலெமார்க் மலைநாட்டு வித்துவான் மில்லார்குத்தென் என்பவரை 1849இல் தலைநகரிலே மேடையேற்றியவர் அவர். பேர்கன் நகரத்துச் சிறுவன் எட்வேட் கிறீக்கை 1858இல் லீப்சிக் இசைக்கல்லூரிக்கு அனுப்புமாறு பெற்றோரைத் தூண்டியவரும் அவரே.

லீப்சிக்கிலே கிறீக் கற்றது யேர்மனிய முறை. அவர் நெஞ்சைத் தாய்நாட்டின்பாற் திருப்பியவர் றிக்கார்ட் நூர்ட்றாக் என்னும் நண்பர். நோர்வேயின் தேசிய கீதத்துக்கு மெட்டமைத்த அவ்விளைஞர் 1866இல், இருபத்துமூன்றாம் வயதிலேயே காலமானார். அவர் மூட்டிய தீ அவியவில்லை. 1868இல் கிறீக் இயற்றிய பியானோ கொன்சேட்டோவும், இப்சனின் ‘பேர் கின்ட்’ நாடகத்துக்கு அமைத்து 1876இல் அரங்கேறிய இசையும் அவர் புகழை ஐரோப்பாவெங்கும் பரப்பின.

புகழின் உச்சியில் இருந்த அவருக்கு 1888இல் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் குனுட் டாலே என்னும் தெலெமார்க் நாட்டுப் பிடில் வித்துவான். மில்லார்குத்தெனிடமும் பிற முதியோரிடமும் பயின்ற மெட்டுக்கள் தம்மிடம் உள்ளன என்றும், எழுதி வைக்காவிடின் அவை தம்மோடு புதைகுழி புகும் என்றும் அவர் முறையிட்டார். ஆண்டுகள் பதின்மூன்று கழிந்தன. 1901இல், அறுபத்தேழு வயதினராய், அவர் மீண்டும் எழுதினார்.

இம்முறை காரியம் கைகூடியது. பிடில் வல்லுநரும் இசையரங்கத் தலைவருமாகிய யோகான் ஹல்வோசன், தலைநகரிலே டாலே வாசிக்கக் கேட்டுப் பதினேழு மெட்டுக்களைச் சுரப்படுத்தினார். எளிய பணியன்று அது. பழகிய செவிக்குப் பிழைபோல் ஒலிக்கும் சுரங்கள் அவற்றில் இருந்தன. நான்காஞ் சுரம் உயர்ந்து, நம்மவர் பிரதி மத்திமம் என்பதுபோல் நின்றது. ஹல்வோசன் அதனைத் திருத்தினாரல்லர்; கேட்டவாறே எழுதினார். அச்சுரம் முன்னரே தம்மை மயக்கியது என்று கிறீக்கும் மகிழ்ந்து எழுதினார்.

பின்னர்க் கிறீக் அம்மெட்டுக்களைப் பியானோவுக்கு அமைத்தார். 1903இல் அவை வெளிவந்தபோது, ஹல்வோசனுடைய பிடில் வடிவமும் உடன் வெளிவந்தது. எது கிழவரின் மெட்டு, எது புலவரின் அணி என்று எவரும் ஒப்புநோக்கலாம். மூலத்தை மறைத்துத் தம் பெயரை நாட்டும் எண்ணம் கிறீக்குக்கு இல்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

கிறீக் 1907இல் மறைந்தார்; டாலே 1921 வரை வாழ்ந்தார். தம்மோடு அழியும் என்று அஞ்சிய மெட்டுக்கள் அச்சேறியதைக் கண்ட பின்னரே அம்முதியவர் கண்மூடினார்.

இதில் நாம் போற்றவேண்டியவர் மூவர்: காத்தவர், எழுதியவர், அணிசெய்தவர். மேதையின் அணியை உலகம் தானே போற்றும். ஆனால், கேட்க ஒருவரும் வாராத காலத்தும் மனந்தளராது, “வந்து கேண்மின்” என்று இருமுறை அழைத்த கிழவர் இலரேல், எழுதுவோர்க்கும் அணிசெய்வோர்க்கும் பொருள் ஏது? அத்தகைய முதியோரின் அழைப்புக்கு உரிய காலத்தில் செவிசாய்த்தலே கற்றோர் கடன்.