மனச்சோர்வும் அதன் சிகிச்சையும்

பயிர் வாடினால் உடனே காரணம் ஆராயும் குடியானவர், தம் மனம் வாடுவதை நோயென்று கருதுவதில்லை. வாரக்கணக்கில் நீங்காத துயரம், தூக்கமின்மை, வேலையில் வெறுப்பு ஆகியவை மனச்சோர்வின் குறிகளாம்.

இதற்கு அமெரிக்க மனநோய் வைத்தியர் ஆரன் பெக் 1960-களில் ஒரு சிகிச்சை முறையை வகுத்தார். “விளைச்சல் பொய்த்தது, ஆகவே நான் எதற்கும் உதவாதவன்” என்று ஒருவர் எண்ணுவாராயின், அவ்வெண்ணத்தை எழுதச் செய்து, அதற்குச் சான்று யாது, மாறான சான்று யாது என்று அவரையே ஆராயச் செய்வர். முன்பு நன்றாக விளைந்த போகங்களும், அடைத்த கடன்களும் அப்போது நினைவுக்கு வரும். மேலும், சோர்ந்தவர் வேலையை விடுகிறார். வேலையை விடுவதால் சோர்வு மிகுகிறது. ஆகையால், உற்சாகம் பிறக்கட்டுமென்று காத்திராமல், தினந்தோறும் ஒரு சிறு காரியத்தை நேரங்குறித்துச் செய்விப்பர்.

இவ்வாறு காரியங்களில் ஈடுபடுத்தும் முறை கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரீட்சிக்கப்பட்டது. வைத்தியரல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூராரே நோயாளிகளை 6 முதல் 8 முறை சந்தித்தனர். 2017-இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதங்களில் நோய் தணிந்தோர் இம்முறையில் 100-க்கு 64 பேர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 39 பேரே.

நோய் கடுமையாயின் மருந்தும் வேண்டியிருக்கும். உயிரை வெறுத்துப் பேசுவோரைத் தனித்து விடலாகாது. அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்வது அயலாருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் கடமையாகும். 14416 என்னும் அரசாங்கத் தொலைபேசியில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.