அர்ஜினின் தூளும் மாரடைப்பு கண்டவர்களும்

கோலாலம்பூர், கிள்ளான் வட்டார மருந்தகங்களில் தூளாகவும் மாத்திரையாகவும் கிடைக்கும் அர்ஜினின், புரதங்களை ஆக்கும் இருபது அமினோ அமிலங்களுள் ஒன்றாகும். உடல் இதை ஓரளவு தானே உண்டாக்கிக்கொள்ள, எஞ்சியதை உணவு தந்துவிடுகிறது; கச்சாங் பூத்தே கடையில் வாங்கும் நிலக்கடலையிலேயே 100 கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் அர்ஜினின் உண்டு.

இரத்தக் குழாய்களின் உட்சுவர் அர்ஜினினிலிருந்து உண்டாக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு, குழாய்த் தசையைத் தளர்த்தி இரத்த ஓட்டத்தை எளிதாக்குகிறது. இவ்வாயு உடலில் செய்தி கடத்துவதைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. விற்பனைப் பேச்சில் அப்பரிசு எடுத்துக்காட்டப்படுமானால், அது வாயுவைப் பற்றிய ஆய்வுக்கே அளிக்கப்பட்டது, டப்பாவில் அடைத்த தூளுக்கு அன்று என்பதை வாங்குபவர் நினைவிற்கொள்வது நல்லது.

அர்ஜினின் இரத்த அழுத்தத்தைச் சிறிதளவு குறைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அம்மோனியாவை யூரியாவாக மாற்ற இயலாத பிறவிக் குறையுள்ள குழந்தைகள் சிலருக்கு அது மெய்யாகவே மருந்தாகிறது. ஆனால், அமெரிக்காவில் மாரடைப்பிலிருந்து மீண்ட 153 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான சோதனையில், நாளுக்கு 9 கிராம் அர்ஜினின் பெற்ற பிரிவில் 6 பேர் இறக்க, வெற்று மாத்திரை பெற்ற பிரிவில் ஒருவரும் இறக்காததால், சோதனையே இடையில் நிறுத்தப்பட்டது. எண்ணிக்கை சிறியதுதான், எனினும் இதயத்தைக் காக்கும் என்று நம்பப்பட்ட பொருள் யாருக்குக் கூடுதலாகத் தேவை எனக் கருதப்பட்டதோ, அவர்களிடமே பலன் காட்டாமற் போனதைப் புறக்கணிப்பதற்கில்லை. மாரடைப்பு கண்டவர்கள் இதைத் தவிர்ப்பதே தக்கது.

பிறருக்கு வயிற்று உப்புசமும் பேதியும் பொதுவான தொல்லைகள். நெஞ்சுவலிக்கு நாக்கின்கீழ் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடோ, இரத்த அழுத்த மருந்தோடோ, ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபிலோடோ சேர்ந்தால் அழுத்தம் அளவுக்குமீறித் தாழக்கூடும் என்பதால், இனிப்பு நீருக்கும் இரத்தக் கொதிப்புக்கும் ஏற்கெனவே மாத்திரை உண்பவர்கள் மருந்தாளரிடம் முழுப்பட்டியலையும் காட்டிய பிறகே வாங்க வேண்டும்.

பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் ஆராய்ந்து பதிவாகும் துணைச்சத்துப் பொருள்களின் உறையில் 'மால்' என்று தொடங்கும் எண் இருக்கும். அவ்வெண் தரத்தையும் பாதுகாப்பையும் பற்றிய ஏற்பே தவிர, நோய் தீரும் என்ற உறுதிமொழி அன்று. இதய நோயையோ நீரிழிவையோ குணப்படுத்தும் என மருந்துப் பொருளை விளம்பரப்படுத்துவதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. எண்ணை அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடி, பொருளின் பெயரோடு ஒத்துப்பார்க்கலாம்.