3டி பிரிண்டர் வாங்கும் முன்

கோவையில் பம்பு செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்று புதிய இம்பெல்லரைக் கொண்டுவர நினைத்தால், கணினியில் வரைவது சில நாள் வேலைதான். அதற்குப் பேட்டர்ன் செய்து, கோர் பாக்ஸ் செய்து, ஃபவுண்டரியில் வார்த்து, கடைந்து, டெஸ்ட் பெட்டில் ஏற்றுவதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகும். ஓட்டிப் பார்த்தபின் பிளேடின் கோணம் சரியில்லை என்று தெரிந்தால், மறுபடியும் பேட்டர்னிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் 3டி பிரிண்டர்கள் வந்தன. வாங்க நினைக்கும் முதலாளிகள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எதுங்க நல்ல மிஷின்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது என்பது என் கருத்து. செய்யப்போகும் மாதிரி எதைச் சோதிக்க வேண்டும் என்பது முடிவான பிறகுதான் மிஷின் பேச்சையே எடுக்க முடியும். அது முடிவாகிவிட்டால், பட்டியலில் இருக்கும் மிஷின்களில் முக்கால்வாசி தாமாகவே கழன்றுவிடும்.

ஒரே பெயரில் அழைத்தாலும் இவை வெவ்வேறு தொழில்நுட்பங்கள். அமெரிக்கரான சக் ஹல் 1984-ல் விண்ணப்பித்து 1986-ல் காப்புரிமை பெற்ற முறை, திரவ ரெசினைப் புற ஊதா ஒளியால் அடுக்கடுக்காக இறுக வைப்பது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெக்கார்ட் 1980-களில் உருவாக்கியது, பவுடரை லேசர் சூட்டில் ஒட்ட வைப்பது. ஸ்காட் கிரம்ப் 1989-ல் காப்புரிமை கேட்டது, பிளாஸ்டிக் இழையை உருக்கிப் பிழிந்தபடியே உருவத்தை எழுப்புவது. இந்தக் கடைசி முறையின் அடிப்படைக் காப்புரிமை 2009-ல் முடிந்ததும் விலை சரிந்தது. அதற்கு முன்பே, 2005-ல், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் திட்டம் மிஷினின் வரைபடங்களை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டிருந்தது. இன்று இழை மிஷின் ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் மேசைக்கு வந்துவிடுகிறது. பவுடர் மிஷினுக்கு இன்னமும் லட்சங்களில்தான் பேச வேண்டும், பெரியதென்றால் கோடியில்.

அந்த இம்பெல்லரையே எடுத்துக்கொள்வோம். கேசிங்குக்குள் உட்காருகிறதா, ஷாஃப்ட் துளை பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்க மலிவான இழை மிஷினே போதும். அதற்கு மேல் செலவழிப்பது வீண். தண்ணீரில் ஓட்டி, எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று அளக்க வேண்டுமானால் கதை வேறு. மூடிய இம்பெல்லரில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே பிளேடுகள் வளைந்து போகும். இழை மிஷினால் அந்தரத்தில் பிழிய முடியாது. மேல்தட்டைத் தாங்க உள்ளே சப்போர்ட் கட்டும். வளைந்த வழிக்குள் கட்டிய சப்போர்ட்டை இடுக்கி போட்டு முழுசாகப் பெயர்க்க முடியாது. கரையும் சப்போர்ட்டும் உண்டுதான். அதற்கு இரண்டு பொருளைக் கையாளும் மிஷினும் கரைக்கும் தொட்டியும் வேண்டும். பெயர்த்த இடத்தில் மிஞ்சும் சொரசொரப்பு நீரோட்டத்தைக் கெடுத்து, சோதனை முடிவையே பொய்யாக்கிவிடும். அதோடு, இழையில் செய்த பொருளுக்கு அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் பலம் குறைவு. வேகமாகச் சுற்றினால் அங்கேதான் விரியும். பவுடர் மிஷினில் உருகாத பவுடரே சப்போர்ட். வேலை முடிந்ததும் காற்றடித்து வெளியேற்றலாம். மேற்பரப்பு மணல்மணலாக இருக்கும். ஆனால் ஒரே சீராக இருக்கும், நைலான் பவுடரில் செய்தது சுழற்சியையும் தாங்கும். இனி, மாதிரியையே எரித்துவிட்டு உலோகம் ஊற்றும் இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்குக்கு என்றால் ரெசின் பக்கம் போக வேண்டியிருக்கும். அங்கும் ஒரு சிக்கல். கெட்டியான ரெசின் மாதிரி சூளையில் எரிந்து போவதற்கு முன் விரிந்து, சுற்றியுள்ள செராமிக் ஓட்டை உடைத்துவிடும். அதனால்தான் ஹல்லின் 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம், உள்ளே தேனடைக் கண்களாகப் பொள்ளல் விட்டு அச்சிடும் குயிக்காஸ்ட் முறையைக் கொண்டுவந்தது. சாதாரண மணல் வார்ப்புக்குப் பேட்டர்னாக வேண்டுமென்றாலும் பொருத்திப் பார்த்த அதே ஃபைல் உதவாது. வார்ப்பிரும்பு குளிரும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும். அந்த அளவுக்கு மாதிரி பெரிதாக இருக்க வேண்டும், கடைசலுக்கும் கூடுதல் கனம் விட வேண்டும்.

விற்பனைப் பிரசுரத்தில் இதெல்லாம் இருக்காது. அங்கே பெரிய எழுத்தில் இருப்பது அடுக்கின் கனம்: 50 மைக்ரான், 25 மைக்ரான். அடுக்கு 50 மைக்ரான் என்பதால் பொருளின் அளவும் 50 மைக்ரான் துல்லியத்தில் வரும் என்று அர்த்தமில்லை. சூட்டில் வளைவது, இறுகும்போது சுருங்குவது எல்லாம் அதற்கு மேல் தனிக் கணக்கு. பி.எல்.ஏ. இழை 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் வைத்த மாதிரி கோணிப்போகும். நைலான் இழை ஈரத்தை உறிஞ்சும், அதனால் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அதை உலர்த்திவைக்க ஓர் ஏற்பாடு வேண்டும். ரெசின் மாதிரியை ஆல்கஹாலில் கழுவி, மறுபடி ஒளியில் காட்டி இறுக்க வேண்டும். மிச்ச ரெசினைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. இவ்வளவையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஷோரூமில் நிற்கும் டெமோ பொம்மையைப் பார்த்து மயங்காமல், நம்முடைய பார்ட்டை, அதுவும் அதிகமாகத் தொல்லை கொடுக்கும் பார்ட்டைக் கொடுத்து அச்சிடச் சொல்லி, ஒரு வாரம் கழித்து வெர்னியர் வைத்து அளந்துவிட்டு முடிவு சொல்வதுதான் சரி.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 40 லட்சம் ரூபாய் மிஷினை ஐந்தாண்டில் கழித்தால் ஆண்டுக்கு 8 லட்சம். பராமரிப்பு 3 லட்சம், ஆள் சம்பளம் 4 லட்சம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 15 லட்சம். ஆண்டுக்கு 3,000 மணி நேரம் ஓடினால் மணிக்கு 500 ரூபாய். 300 மணி நேரமே ஓடினால் 5,000 ரூபாய், பவுடர் செலவு தனி. இரண்டாவது நிலையில் இருக்கும் நிறுவனம் ஜாப் ஒர்க்குக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம். "டிசைன் வெளியே போய்விடுமே" என்பார்கள். பயம் நியாயம்தான். ஆனால் இதே டிராயிங் பேட்டர்ன் கடைக்கும் ஃபவுண்டரிக்கும் இத்தனை காலம் போய்க்கொண்டுதான் இருந்தது. ரகசிய ஒப்பந்தம் போடாமல் கொடுத்ததுதான் அங்கேயும் தவறு. வெளியே கொடுத்தால் நாலைந்து நாள் தாமதமாகும் என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. அன்றாடம் பொருத்திப் பார்க்கும் வேலைக்கு அந்தத் தாமதம் தாங்காது, அதற்கு மலிவான இழை மிஷினைச் சொந்தமாகவே வாங்கிவிடலாம். "நாளைக்கு வேலை பெருகும், பெரிதாகவே வாங்கி வைப்போம்" என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தத் துறையில் விலை இறங்குகிற வேகத்தில், வேலை பெருகும்போது வாங்குவதே லாபம்.

ஆகவே, கடந்த ஓராண்டில் உங்கள் நிறுவனத்தில் செய்த மாதிரிகளை, ஒவ்வொன்றும் எதைச் சோதிக்கச் செய்யப்பட்டது என்ற குறிப்போடு ஒரு தாளில் எழுதுங்கள். கொட்டேஷன் கேட்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.