உங்களுக்குத் தெரியுமா? மாத்திரைக்குப் பின் வரும் பேதி

● திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலம் முடிந்து வயிறு கெட்டுப்போனால், பலரும் நேரே மெடிக்கலுக்குப் போய், “பேதிக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க” என்றுதான் கேட்கிறார்கள். அந்த செட்டில் ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை இருந்தால், அது ஆன்டிபயாடிக். பெரும்பாலான சாதாரண பேதிக்கு அது தேவையே இல்லை. ஓ.ஆர்.எஸ். கரைசல்தான் முதல் மருந்து. காய்ச்சலோ ரத்தமோ சேர்ந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

● ஈரல் சுரக்கும் பித்த அமிலத்தைப் பெருங்குடலில் உள்ள சில பாக்டீரியாக்கள் வேறு வகையாக மாற்றுகின்றன. அப்படி மாறிய அமிலம் இருக்கும்வரை, சி.டிஃப் எனப்படும் கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் கிருமி எளிதில் தலையெடுக்காது. ஆன்டிபயாடிக் அந்த பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்துவிட்டால், மாறாத அமிலமே மிஞ்சும். அது, உறங்கிக் கிடக்கும் சி.டிஃப் ஸ்போர்களை எழுப்பிவிடும். எழுந்த கிருமி நச்சுகளை வெளியிட்டுக் குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும். முதியவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து.

● 1935இல் இந்தக் கிருமியை முதலில் கண்டது பச்சிளங்குழந்தைகளின் மலத்தில். அவர்களுக்கு எந்த நோயும் இல்லை. ஆன்டிபயாடிக்குக்குப் பின் வரும் குடல் அழற்சிக்கு இதுவே காரணம் என்று தெரிய 1978 ஆனது.

● கிளிண்டமைசின், செஃபிக்சைம், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றுக்குப் பின் இந்தத் தொற்று வர வாய்ப்பு அதிகம். கோர்ஸ் முடிந்து சில வாரம் கழித்தும் வரலாம். அதனால் பேதி என்று டாக்டரிடம் போகும்போது, “போன மாசம் சளிக்கு இந்த மாத்திரை சாப்பிட்டேன்” என்று மறக்காமல் சொல்லுங்கள். பழைய அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். பேதியை நிறுத்த நீங்களாக லோபரமைடு போடாதீர்கள்; நிலைமை மோசமாகலாம்.

● சானிடைசர் சி.டிஃப் ஸ்போர்களைக் கொல்லாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவினால்தான் கையை விட்டுப் போகும்.

● சி.டிஃப் திரும்பத் திரும்ப வந்த நோயாளிகள் 16 பேருக்கு, ஆரோக்கியமானவர்களின் மலக் கரைசலைக் குடலில் செலுத்தினார்கள் நெதர்லாந்து மருத்துவர்கள். 15 பேர் குணமடைந்தார்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் சாப்பிட்ட 13 பேரில் குணமானவர்கள் 4 பேர்தான். ஆய்வு வெளியான ஆண்டு 2013.

● மாத்திரை அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து அது. மத்திய அரசு 2016இல் இதைப் பற்றிப் பிரசாரமே நடத்தியது. செஃபிக்சைம் போன்றவற்றுக்கு விதி இன்னும் கடுமை: 2014 மார்ச் முதல், எழுதிய டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.