சேரிக்கு நிலம் கேட்ட ஸ்காட்லாந்து பாதிரியார்!

மெல்ரோசாபுரம் பிறந்த கதை

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு சிற்றூர். பெயர் மெல்ரோசாபுரம்.

"இதென்ன பேரு? பாதி இங்கிலீசு, பாதி தமிழா இருக்கே!" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

மெல்ரோஸ் என்பது ஸ்காட்லாந்தில் உள்ள ஓர் ஊர். அதோடு நம்ம ஊர் "புரம்" ஒட்டிக்கொண்டது. 1893-ம் ஆண்டு இந்தக் குடியிருப்பை உண்டாக்கியவர் ஆடம் ஆண்ட்ரூ. செங்கல்பட்டில் இருந்த பிரஸ்பிட்டேரியன் பாதிரியார்.

பாதிரியார் ஊரை உண்டாக்குவானேன்?

பிஷப் இல்லாத சபை

பிரஸ்பிட்டேரியன் சபை, ஸ்காட்லாந்துக்காரர்களின் சபை. இதில் பிஷப் கிடையாது. சபையின் மூப்பர்களும் பாதிரியாரும் கூடி உட்கார்ந்து முடிவு செய்வார்கள். சென்னை எழும்பூரில் கோபுரத்தோடு நிற்கும் "கிர்க்" இவர்கள் கட்டியதுதான். 1821-ல் திறந்தார்கள்.

1837-ல் ஜான் ஆண்டர்சன் என்ற பாதிரியார் சென்னைக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். அதுதான் பிறகு கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937-ல் தாம்பரத்துக்குப் போனது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, நெல்லூர் ஊர்களிலும் கிளைப் பள்ளிகள் திறந்தன.

ஆனால், அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் பெரும்பாலும் மேல்சாதிப் பையன்கள். சேரி வெளியே நின்றது.

குடிசையும் சொந்தம் இல்லை

அந்தக் காலத்து செங்கல்பட்டு மாவட்டம் பெரியது. இன்றைய திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி எல்லாம் அதில் அடக்கம். (திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997-ல்.)

ஊருக்கு ஊர் மிராசுதார்கள். நிலம் அவர்களுடையது. கூலியாள் குடிசை போட்ட மனையும் அவர்களுடையது. கூலி அதிகம் கேட்டால், "இடத்தைக் காலி பண்ணுடா!" என்று ஒரே வார்த்தை. குடும்பமே தெருவுக்கு வந்துவிடும்.

சும்மா கிடக்கும் தரிசு நிலத்துக்கு மனு போடலாமே? போடலாம். ஆனால், "எங்களுக்குத்தான் முதல் உரிமை" என்று மிராசுதார் குறுக்கே நிற்கலாம். சட்டமும் அவர் பக்கம். மனு போட்டவன் கதி அதோகதிதான்.

1876-78 பஞ்சத்துக்குப் பிறகு சேரி மக்கள் பலர் சபைகளைத் தேடி வந்தார்கள். ஆண்ட்ரூ ஒன்றைப் புரிந்துகொண்டார். ஞானஸ்நானம் கொடுத்தாலும் மனை மிராசுதாருடையது என்றால், அவன் அடிமைதான். முதலில் மனை வேண்டும், நிலம் வேண்டும் என்று அரசாங்கத்துக்கு விடாமல் எழுதினார்.

திருவள்ளூரில் கவுடி

இதே கோரிக்கையோடு திருவள்ளூரில் இன்னொருவர் இருந்தார். வில்லியம் கவுடி. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவில் பிறந்தவர். ஆனால் சபை வேறு: மெதடிஸ்ட். திருவள்ளூரில் கவுடி பள்ளி இவர் பெயரைச் சொல்லி நிற்கிறது.

"நிலத்தைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள்" என்று எதிர்ப்புக் கிளம்பியது. அதிகாரிகள் பலருக்கும் மிராசுதாரைப் பகைத்துக்கொள்ள மனமில்லை.

பாதிரியார்கள் மட்டும் பேசவில்லை. செங்கல்பட்டுச் சீமையில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1891-ல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893-ல் "பறையன்" பத்திரிகையையும் நடத்த ஆரம்பித்தார்.

அதே 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் சேரி நிலைமையைப் புட்டுப் புட்டு வைத்து அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892-ல் அரசு ஆணை வந்தது. தரிசு நிலத்தை ஒதுக்கும் வழி திறந்தது.

அதுதான் "பஞ்சமி நிலம்"! பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது. பிறகு விற்றாலும் அதே மக்களுக்குத்தான் விற்க வேண்டும். இது நிபந்தனை. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

ஆணை வந்த மறு ஆண்டுதான் மெல்ரோசாபுரம் பிறந்தது.

சபைகள் சேர்ந்தன, நிலம்?

1908-ல் பிரஸ்பிட்டேரியன் சபையும் காங்கிரகேஷனல் சபையும் இணைந்தன. 1947 செப்டம்பர் 27-ந் தேதி ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பிஷப் வேண்டாம் என்ற சபைக்கும் பிஷப் வந்தார். ஆண்ட்ரூவின் சபையும் கவுடியின் சபையும் ஒன்றாகிவிட்டன.

நிலம்தான் கைமாறிப் போனது. கடனுக்கும், மிரட்டலுக்கும், ஏமாற்றுக்கும் போனது ஏராளம்.

1994 அக்டோபர் 10. கரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி செங்கல்பட்டில் போராட்டம். போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் பலியானார்கள்.

இன்று கும்மிடிப்பூண்டி வரை தொழிற்சாலைகள். ஒரு காலத்தில் எவனும் சீண்டாத தரிசு இப்போது சென்ட் கணக்கில் விலை பேசப்படுகிறது. தாத்தா பேரில் நிலம் இருந்ததாகச் சொல்லும் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது வருவாய்த் துறையின் "ஏ" பதிவேடு. நிபந்தனை நிலம் என்று அதில் எழுதியிருந்தால், பத்திரம் எத்தனை கை மாறியிருந்தாலும் "இது எங்க நிலம்" என்று கேட்க வழி உண்டு.