வயல் பார்க்கும் ட்ரோன்: மின் உறுப்புகளையும் உணரிகளையும் தெரிவுசெய்யும் முறை

பெரும்போக வேளாண்மை குடலைப் பருவத்தை அடையும் காலத்தில், வட்டையின் நடுவே பயிர் எந்நிலையில் இருக்கின்றது என்பதை வரம்பில் நின்று முழுவதும் அறிதல் இயலாது. ஆதலால் ட்ரோன் என வழங்கும் பலசுழலிப் பறப்புக் கருவியைக் கொண்டு வயலை மேலிருந்து பார்க்கும் வழக்கம் பரவி வருகின்றது. இது முற்றிலும் புதிய எண்ணமன்று. ஜப்பானில் யமஹா நிறுவனம் நெல்வயலுக்கு மருந்து தெளிக்கும் ஆளில்லா ஹெலிகொப்டரை 1987ஆம் ஆண்டிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. வினாயகபுரத்திலோ தம்பிலுவிலிலோ உங்கள் வீட்டு இளைஞர் ஒருவர் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தாமே ஒரு ட்ரோனைக் கட்ட விரும்பி உங்களிடம் பணம் கேட்பாராயின், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கலாகாது என்பதை இப்பிரசுரம் கூறும்.

முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, "வயலைப் பற்றி எதனை அறிய விரும்புகின்றோம்?" என்பதாகும். நீர் எட்டாத மேட்டுப் பகுதி எது, பசளை குறைந்து மஞ்சளித்த இடம் எது, யானை புகுந்து மிதித்த இடம் எது என்பவற்றை அறியச் சாதாரண வர்ணக் கமரா போதும். 40 மீற்றர் உயரத்தில், 70 பாகை அகலம் பார்க்கும் கமரா ஒரு படத்தில் ஏறத்தாழ 56 மீற்றர் அகலமும் 42 மீற்றர் நீளமும் கொண்ட நிலத்தைக் காட்டும். அஃதாவது அரை ஏக்கருக்குச் சற்று மேல். அப்படத்தின் அகலத்தில் 4000 புள்ளிகள் இருப்பின், ஒரு புள்ளி வயலில் 1.4 சென்ரிமீற்றருக்குச் சமம். கபிலநிறத் தத்தியோ சில மில்லிமீற்றர் நீளமுடையது. அதுவும் பயிரின் அடித்தூரில் மறைந்திருப்பது. எனவே ட்ரோன் தத்தியைக் காட்டாது. தத்தி உறிஞ்சிக் கருகிய வட்டத்தையே காட்டும். அந்நிலையில் நட்டம் நேர்ந்துவிட்டது. மேலிருந்து நிறம் மாறிய இடத்தைக் கண்டால் அங்கே இறங்கி நடந்து, தூரை விரித்துப் பார்த்தல் இன்றியமையாதது.

விலை மிகுந்த அகச்சிவப்புக் கமராவை இப்பொழுது வாங்க வேண்டாம். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகம் அநுராதபுரப் பகுதியில் அத்தகைய கமராக்களை ட்ரோனில் ஏற்றிப் பயிரின் நலத்தை ஆராய்ந்துள்ளது. எனினும் அவ்வெண்களைச் சரியாகப் பொருள் கொள்ள அளவுத்திருத்தமும் பயிற்சியும் தேவை. இளம்பயிரின் இடையே தேங்கிய நீரும் கணக்கைக் குழப்பும். அப்பணத்தைக் கருவி விழாமற் காக்கும் உறுப்புகளிற் செலவிடுவதே புத்தி.

இனி வலுவைப் பார்ப்போம். முழுக்கருவியின் நிறை 1.5 கிலோகிராம் எனக் கொள்க. நான்கு மோட்டார்களும் சேர்ந்து அதன் இருமடங்கை, அஃதாவது 3 கிலோகிராமைத் தூக்க வல்லனவாயிருத்தல் வேண்டும்; இல்லையேல் கச்சான் காற்றை எதிர்த்து நிற்க வலு மிஞ்சாது. மோட்டார் உச்சநிலையில் 18 அம்பியர் இழுக்குமாயின், அதன் வேகக் கட்டுப்படுத்தி 30 அம்பியருக்கு உரியதாக இருக்கட்டும். இங்கே சிக்கனம் பார்த்தல் ஆகாது. நமது வெயிலில் அது விரைவிற் சூடேறும். ஒரு கட்டுப்படுத்தி நின்றால் நான்கு சுழலிக் கருவி அக்கணமே கவிழ்ந்து விழும்.

பற்றரி மூன்று கலங்கள் கொண்ட லித்தியம் பொலிமர் வகையாயிருக்கலாம். ஒரு கலம் நிறைந்தபோது 4.2 வோல்ற்று, பறக்கும்போது 3.5 வோல்ற்றுக்கு இறங்கினால் உடனே தரையிறக்க வேண்டும். 5 அம்பியர்-மணி பற்றரியில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் செலவிடலாம் எனக் கொண்டு, மிதப்பதற்கு 16 அம்பியர் செல்லுமாயின், 15 நிமிடம் பறக்கலாம். கடைக்காரர் 25 நிமிடம் என்றால் நம்பற்க. வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் அளந்து சொல்லும் வலு உணரி மலிவானது; அதை வாங்காது விடுபவர் பெற்றோல் மானி இல்லாத மோட்டார் சைக்கிளில் காட்டுவழி செல்பவரைப் போன்றவர். உப்பிய பற்றரியை மீண்டும் மின்னேற்றற்க. இரவில் உறங்கும்போதோ நெல் மூடைகளுக்கு அருகிலோ மின்னேற்றற்க. தீப்பற்றினால் அணைத்தல் அரிது.

கருவியின் மூளை பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகையாகும். சூரிச் நகரில் மாணவராயிருந்த லொறென்ஸ் மையர் 2008ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த பிக்ஸ்ஹோக் வகைப் பலகைகளும், அவற்றில் இயங்கும் ஆர்டுபைலட் முதலிய திறந்த மென்பொருள்களும் கைக்கட்டுமானத்துக்கு ஏற்றவை. பலகையில் ஜைரோவும் ஆர்மடுகல்மானியும் அமைந்திருக்கும். ஜைரோ கருவி எவ்வளவு விரைவாகச் சாய்கின்றது என்பதையும், ஆர்முடுகல்மானி நிலத்தின் ஈர்ப்புத் திசை எது என்பதையும் அறிவிக்கும். இவை இரண்டுக்கும் பகை அதிர்வு. விசிறிகளைச் சமநிறைப்படுத்தி, பலகையை மென்மையான இறப்பர்த் தாங்கிகளின் மேற் பொருத்துக. இரண்டு ஜைரோக்கள் உள்ள பலகை கிடைக்குமாயின் சிறிது கூடுதலாகக் கொடுத்தாயினும் அதனையே வாங்குக.

வீட்டிற் கட்டும் கருவியில் மிகுந்த தொல்லை தரக்கூடியது திசைகாட்டி உணரி. புவிக்காந்த மத்தியகோடு தென்னிந்தியாவின் முனைக்கு அண்மையாகச் செல்வதால், நம் பகுதியிற் காந்தப்புலம் ஏறத்தாழக் கிடையாகவே அமைந்துள்ளது. அதன் அளவு 40 மைக்ரோதெஸ்லா வரையில். இது திசைகாட்டிக்கு நல்லதே. ஆனால் 16 அம்பியர் செல்லும் ஒற்றைக் கம்பி, 5 சென்ரிமீற்றர் தூரத்தில் 64 மைக்ரோதெஸ்லா புலத்தை உண்டாக்கும்! புவியை விட உங்கள் பற்றரிக் கம்பியே பெரிய காந்தமாகிவிடும். அப்பொழுது கருவி ஓரிடத்தில் நிற்க முயன்று, நிற்க இயலாது, வட்டமிட்டு, வட்டம் வரவரப் பெருகி, ஈற்றிற் கடற்பக்கம் போய்விடவும் கூடும். ஆதலால் திசைகாட்டியைப் பலகையில் நம்பியிராது, ஜி.பி.எஸ். வாங்கியுடன் சேர்த்து ஒரு சிறு கம்பத்தின் மேல் 12 முதல் 15 சென்ரிமீற்றர் உயரத்தில் நிறுத்துக. பற்றரியின் நேர், மறைக் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் அவற்றின் புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடும். செலவில்லாத இவ்வேலையைப் பலர் செய்வதில்லை.

வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்க. எச்.எம்.சி. 5883 எல் என்ற பெயரால் விற்கப்படும் மலிவான திசைகாட்டிகள் பலவற்றுள் கியூ.எம்.சி. 5883 எல் என்னும் வேறு சில்லு இருக்கும். அது கெட்டதன்று, ஆயினும் அதன் முகவரி வேறாதலால் பழைய மென்பொருள் அதனை அடையாளங் காணாது. உறுப்புப் பழுது என்று எண்ணி எறிந்துவிடாமல் முதலில் மென்பொருளைப் புதுப்பித்துப் பார்க்க.

உயரத்தை அறியப் பலகையிலுள்ள பாரமானி உதவும். எம்.எஸ். 5611 போன்ற நல்ல பாரமானி சில பத்துச் சென்ரிமீற்றர் மாற்றத்தையும் உணரும். விசிறிக் காற்றும் வெயிலும் அதன்மேல் நேரே பட்டால் பிழை காட்டும். கருமையான மெல்லிய பஞ்சு நுரைத் துண்டினால் அதனை மூடுக. நிலத்தை நோக்கிய வேறு உயர உணரிகள் மலிவாகக் கிடைப்பினும், நெல்வயல் அவற்றை ஏமாற்றும். ஒலியலை உணரியின் ஒலியை அடர்ந்த தாள்கள் சிதறடிக்கும். அசையாத நீரின்மேல் லேசர்க் கதிர் வேறு திசையிற் சென்றுவிடலாம். காற்றில் அலையும் பயிரைப் பார்க்கும் ஒளிப்பாய்ச்சல் உணரி, பயிர் அசைவதைத் தான் நகர்வதாகக் கொள்ளும். இவற்றைச் சீமெந்துக் களத்திற் சோதித்துத் திருப்தியடைந்து, வயலில் நம்பி இழக்கலாகாது.

ஜி.பி.எஸ். வாங்கியைப் பொறுத்தமட்டில் யூ-புளொக்ஸ் எம்8 வகை போதுமானது. அதன் வழு ஏறத்தாழ 2.5 மீற்றர், ஒரு வரம்பின் அகலத்தை விட அதிகம். எனவே குறித்த வரம்பின் மேல் இறங்கும் என எதிர்பாராதீர். மத்தியகோட்டுக்கு அண்மையான நமது வானில், சூரியன் மறைந்த பின் அயனமண்டலக் குழப்பத்தால் இவ்வாங்கிகள் தடுமாறுவதுண்டு. பிற்பகலிற் கடற்காற்றும் வலுக்கும். காலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடைப்பட்ட வேளையே உகந்தது. தொடர்பு அறுந்தால் வீடு திரும்பும் உயரத்தைத் தென்னைகளுக்கு மேலாக, 40 மீற்றர் என அமைத்துக்கொள்க.

கடற்கரைக் காற்றில் உப்பு உண்டு. சில மாதங்களில் இணைப்பு முனைகள் பச்சை பூத்துவிடும். சுற்றுப் பலகைகளுக்குச் சிலிக்கோன் மேற்பூச்சு இடுக. பாரமானியின் துளையையும் இணைப்பு முனைகளையும் மூடிவிடாதீர்.

விசிறிகளைப் பூட்டும் முன் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். 10 அங்குல விசிறி நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழல்வது; விரலையும் கண்ணையும் ஒரு கணத்திற் கெடுக்கும். விசிறி இல்லாத நிலையில் மோட்டார்களை ஓடவிட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை அணைத்துப் பார்க்க. தொடர்பு அறுந்த நிலைக்குக் கருவி உடனே மாறியதைப் பலகை காட்ட வேண்டும். திசைகாட்டி சொல்லும் வடக்கைக் கையிலுள்ள சாதாரண திசையறி கருவியுடன் ஒப்பிடுக. முதற் பறப்பு அறுவடை முடிந்த வெறு வயலில், பிள்ளைகளும் மாடுகளும் இல்லாத வேளையில் நிகழட்டும். அரிவி வெட்டுவோரின் தலைக்கு மேல் ஒருபோதும் பறக்கவிடாதீர்.

2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களின் பின் நாடெங்கும் ட்ரோன் பறத்தல் தடைசெய்யப்பட்டுப் பின்னர் விதிகளுடன் அனுமதிக்கப்பட்டது. ஆகையால் உறுப்புகளைத் தருவிக்கும் முன்னரே, பதிவும் அனுமதியும் பற்றிச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையிடமும், வானொலிச் சாதனம் பற்றித் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் எழுதிக் கேட்டறிக. பறக்கும் நாளையும் வேளையையும் அயல் வயற்காரருக்கும் வட்டவிதானைக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க.