பொம்மை கூடுமா?

பொம்மை என்றால் குழந்தைக்கு உயிர். பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கும் குழந்தைகள் உலகம் எங்கும் இருக்கிறார்கள்.

ஆனால், முஸ்லிம் வீடுகளில் ஒரு கேள்வி எழுவது உண்டு. உயிர் உள்ளவற்றின் உருவங்களைச் செய்வதை இஸ்லாம் கண்டிக்கிறது. அது சிலை வணக்கத்தில் கொண்டுபோய் விடும் என்ற அச்சமே முக்கிய காரணம். அப்படியானால், பொம்மை கூடுமா?

சிறகு வைத்த குதிரை

விடையைத் தேடுவோர் முதலில் பார்ப்பது, மதீனா நகரில் இருந்த நபிகள் நாயகத்தின் வீட்டை!

நாயகத்தின் மனைவி ஆயிஷா, இளம் வயதில் பொம்மைகள் வைத்திருந்தார். தோழிகள் விளையாட வருவார்கள். நாயகத்தைக் கண்டதும் ஓடி ஒளிவார்கள். அவரோ, அவர்களை மறுபடியும் விளையாட அனுப்பி வைப்பார்.

ஒரு நாள், காற்றில் திரை விலகியது. மாடத்தில் இருந்த பொம்மைகள் தெரிந்தன. நடுவே ஒரு குதிரை. அதற்குத் துணியால் ஆன இரண்டு சிறகுகள்!

குதிரைக்குச் சிறகு உண்டா என்று நாயகம் கேட்டார். சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இருந்ததே என்றார் ஆயிஷா. நாயகம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் இந்தச் செய்தி இருக்கிறது.

நோன்பு நாளில் பசியால் அழும் பிள்ளைகளுக்கு, மதீனாத் தாய்மார்கள் கம்பளியில் விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்ததும் உண்டு.

தலையணை ஆன திரை

அதே ஆயிஷா, உருவங்கள் உள்ள திரை ஒன்றைத் தொங்கவிட்டார். அது நாயகத்துக்குப் பிடிக்கவில்லை. ஆயிஷா அதைக் கிழித்துத் தலையணை ஆக்கிவிட்டார்.

இந்தச் சம்பவங்களை வைத்தே அறிஞர்கள் சட்டம் சொன்னார்கள். குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைக்குத் தடை இல்லை என்றனர் பெரும்பாலோர். பிள்ளை வளர்க்கப் பெண் குழந்தைகள் பழகுவார்கள் என்றும் சொன்னார்கள். உருவத் தடை பொம்மைக்கும் பொருந்தும் என்று சிலர் மறுத்தனர்.

எகிப்தில் பிறந்த அறிஞர் யூசுப் அல் கர்ளாவி, 1960-ல் வெளிவந்த தமது நூலில் குழந்தைகளின் பொம்மையை அனுமதித்தார். அலங்காரச் சிலை கூடாது என்றார்.

கண்ணாடி அலமாரி

இப்போது பெரியவர்களும் பொம்மை சேர்க்கிறார்கள். சிலர் பெட்டியைக்கூடப் பிரிப்பது இல்லை. கண்ணாடி அலமாரியில் வரிசையாக வைத்து அழகு பார்க்கிறார்கள்.

இது கூடுமா?

இது விளையாட்டு அல்ல, சிலையை வைப்பது போன்றதே என்கிறார்கள் பல அறிஞர்கள். வணங்கும் எண்ணம் இல்லாதபோது குற்றம் இல்லை என்போரும் உண்டு. வீண் செலவு ஆகாது என்பதில் இரு சாராருக்கும் பேதம் இல்லை.

ஆயிஷாவின் பொம்மைகளும் மாடத்தில்தான் இருந்தன. ஆனால், தோழிகள் வந்ததும் அவை கைக்கு வந்துவிடும்!